மாநிலத்தின் மிகக் கனமான வாக்கு

மாநில மக்கள் அனைவருக்கும், இங்கே பிறந்தவர்களுக்கும், பிறக்கப் போகிறவர்களுக்கும், வாக்காளர் பட்டியலில் இன்னமும் உயிரோடு இருக்கிற இறந்தவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஜனநாயகம் தோன்றிய நாளிலிருந்து மனித குலம் செய்துவந்த மாபெரும் தவறு இன்றுமுதல் திருத்தப்படுகிறது. இனி வாக்குகள் எண்ணப்பட மாட்டா. எடை போடப்படும்.

ஒன்றுபட்ட உரிமைப் பேரவை என்ற கட்சியின் இந்த அறிவிப்பு ஒரு வெள்ளிக்கிழமை காலை எல்லாக் கைபேசிகளிலும் ஒரே சமயத்தில் நாதஸ்வர இசையோடு வந்து இறங்கியது. ஈரோட்டில் பாதிப் பேர் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து மண்டபம் எங்கே என்று தேடினார்கள். மீதிப் பேர் தேடவும் இல்லை. அறிவிப்பின் அடியில், எறும்பு படிக்கிற அளவு எழுத்தில், இது பேரவையின் முன்தேர்தலுக்கு மட்டுமே பொருந்தும் என்று ஒரு வரி இருந்தது. ஊரில் அதைப் படித்தவர் தீர்த்தகிரி ஒருவர்தான். மேட்டூர் ரோட்டில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்பதால் சின்ன எழுத்துகளோடு அவருக்குத் தொழில்முறைப் பழக்கம் உண்டு. இதை யாரிடமாவது சொல்லலாமா, சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்று யோசித்தார். மத்தியானம் வரை யோசித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஆளுநரை மக்களே தேர்ந்தெடுப்பது என்று அரசியல் சாசனம் திருத்தப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தலைவர் வீட்டு வரவேற்பறையில் முடிவு செய்யக்கூடாது, முன்தேர்தல் நடத்தித்தான் நிறுத்த வேண்டும், அதில் ஊரில் உள்ள யாரும் வாக்களிக்கலாம் என்பது அதோடு ஒட்டிவந்த விதி. முன்தேர்தலை எப்படி நடத்துவது என்பதை மட்டும் கட்சியின் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். பேரவை அந்த விருப்பத்தைத் தூக்கி ஒரு நிபுணர் குழுவிடம் கொடுத்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நிபுணர் குழுவின் வாதம் எளிமையானது. எளிமையாக இருந்தும் அதை விளக்க அவர்களுக்கு அறுநூறு பக்கம் தேவைப்பட்டது. ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு வருகிறவன் வாக்காளன் அல்ல, ரசிகன். இவரா அவரா என்று நின்று சீர்தூக்கிப் பார்க்கிறவனே குடிமகன். ஆகவே எவன் தயங்குகிறானோ அவன் வாக்குக்கு எடை அதிகம். அளப்பதற்கு ஒரு கருவியும் செய்தார்கள். அழகு நிலையத்தில் முடி உலர்த்தக் கவிழ்ப்பார்களே, அந்தக் கூடை மாதிரி இருக்கும். தலையில் மாட்டிக்கொண்டு திரையில் தெரியும் இரண்டு வேட்பாளர்களையும் பார்க்க வேண்டும். மூளை எவ்வளவு நேர்மையாக அலைபாய்கிறது என்று அளந்து ஓர் எண்ணைச் சொல்லும். பேரவை அதற்கு ‘வாக்குச் சீர்தூக்கி’ என்று பெயர் வைத்தது. மக்கள் ஹெல்மெட் என்றார்கள். வண்டி ஓட்டும்போது போடாதவர்கள் எல்லாரும் இதை வரிசையில் நின்று போட்டுக்கொண்டார்கள். எடையின் அலகுக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்று குழுத் தலைவர் மறைமுகமாக ஆறு முறை கோரியும், கடைசியில் ‘கனம்’ என்றே வைத்தார்கள்.

முதல் அடி தொண்டர்கள் மேல் விழுந்தது. தீர்த்தகிரி கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த சின்னராசுவின் முழங்கையில் பேரவைக் கொடி பச்சை குத்தியிருக்கும். போஸ்டர் ஒட்டி ஒட்டியே விரல்களில் ரேகை போன மனிதர். இலவச எடைப் பரிசோதனை முகாமில் அவருக்குப் புள்ளி இரண்டு கனம் என்று வந்தது. கருவி கெட்டுப்போயிருக்கும் என்று இரண்டாம் முறை உட்கார்ந்தார். புள்ளி ஒன்று ஆகிவிட்டது.

“கால் மனுசன்கூட இல்லீங்களா நானு” என்று முகாமில் இருந்த எல்லாரையும் கேட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பினார். அன்று டீயில் சர்க்கரை போட மறந்தார். குடித்தவர்கள் அப்படியே குடித்துவிட்டுக் காசு வைத்தார்கள்.

பிறகு பயிற்சி மையங்கள் முளைத்தன. தேர்வு என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு டியூஷன் வைக்காமல் நம்மால் இருக்க முடியாது. மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளை வறுத்துக்கொண்டிருந்த நவநீதன் என்பவன் பலகையை மாற்றி ‘ஐயம் அகாடமி’ என்று எழுதினான். அதிக கனம் வாங்கியவர்கள் மாலையும் கையுமாக ஃப்ளெக்ஸ் பேனரில் நின்றார்கள். பயிற்சி கடுமையாக இருந்தது. ஒரே மாதிரியான இரண்டு சட்டைகளைக் கொடுத்து எது வேண்டும் என்று கேட்பார்கள். உடனே கைநீட்டியவனை அடுத்த வருடம் வரச்சொல்லி அனுப்புவார்கள். நடித்தால் ஹெல்மெட் கண்டுபிடித்துவிடும், ஆகவே நிஜமாகவே குழம்ப வேண்டும், அதற்கு எதையுமே முடிவு செய்யாமல் வாழ்ந்து பழக வேண்டும் என்பது நவநீதனின் கொள்கை.

ஊர் கால் பாவாமல் அலையத் தொடங்கியது. ஓட்டல்களில் ஜனங்கள் மெனு அட்டையை வைத்துக்கொண்டு மதியத்திலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றப் போன அப்பாக்கள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். பன்னீர்செல்வம் பார்க் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டே இருந்த ஓர் ஆட்டோ பெட்ரோல் தீர்ந்துதான் நின்றது. ஜவுளிக் கடைகளில் குடும்பம் குடும்பமாக வந்து எல்லாச் சேலைகளையும் விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் போனார்கள். அங்கே மட்டும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இந்த அமளிக்கு நடுவே, எந்தப் பயிற்சியும் இல்லாமல், பிறவியிலேயே அந்த வரம் பெற்ற ஒருவர் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தார்.

தீர்த்தகிரியின் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, பெயர் கிடையாது. கடை திறந்தபோது இரண்டு பெயர்கள் மனதில் இருந்தன. பலகைக்கு வெள்ளை அடித்து வைத்தார். இருபத்திரண்டு வருடமாக வெள்ளையாகவே இருக்கிறது. ஆனால் தொழிலில் கெட்டிக்காரர். சோதனைக் கண்ணாடியில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “ஒண்ணுங்களா, ரெண்டுங்களா” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவசரப்படுத்த மாட்டார். தனக்கு எது தெளிவு என்று அடுத்தவர்கள் சட்டென்று சொல்லிவிடுவது அவருக்கு எப்போதும் ஓர் அதிசயமாகவே இருந்தது.

அவர் கல்யாணமே அப்படித்தான் நடந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். யோசித்தார். பலகாரம் தீர்ந்தது, பெரியவர்களுக்குப் பேச்சு தீர்ந்தது, இவர் யோசித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கோகிலவாணியே வந்து, “எனக்குப் புடிச்சிருக்குதுங்க. காப்பி ஆறிப்போச்சு, குடிங்க” என்றாள். அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் அவள் சொன்னதுதான். அரசினர் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். விடை ஒன்றுதான் இருக்கும், அதைச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போக வேண்டும் என்று நம்புகிறவள்.

முகாம்காரர்கள் ஹெல்மெட்டைத் தீர்த்தகிரி தலையில் கவிழ்த்தபோது எண் ஏறிக்கொண்டே போனது. பேனரில் இருந்தவர்களே அறுபது எழுபது கனம்தான். இவருக்கு நாற்பத்தோராயிரம் காட்டியது. அகாடமிக்கு ஆள் சேர்க்க முகாமுக்கு வந்திருந்த நவநீதன், கருவி பழுது என்று நினைத்துத் தன் தலையில் மாட்டிப் பார்த்தான். புள்ளி ஒன்பது. திரும்ப அவர் தலைக்கே மாற்றி, திரையில் தெரிந்த இரண்டு வேட்பாளர்களையும் காட்டிக் கேட்டான்.

“பரிதி ஐயாவப் புடிக்குமாங்ணா, எழிலரசி அம்மாவப் புடிக்குமா?”

“ரெண்டு பேர்கிட்டயும் நல்லது இருக்குதுங்க. ரெண்டு பேர்கிட்டயும் அது இல்லாமயும் இருக்குது.”

“சரி, உங்க வாழ்க்கைல வேற எதையாச்சும் முடிவு பண்ணியிருக்கீங்ளா?”

தீர்த்தகிரி யோசித்தார். எண் நாற்பத்து மூவாயிரம் ஆனது.

நவநீதன் சட்டென்று ஹெல்மெட்டைக் கழற்றினான். அவரைக் கடைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்து விளக்கினான். தயக்கம் இரண்டு மடங்கானால் கனம் நூறு மடங்காகும்படி நிபுணர் குழு கணக்குப் போட்டிருக்கிறது. இருவருக்கும் போட்டி இழுபறி. தொண்டர்கள் வாக்கெல்லாம் தூசு.

“அண்ணா, நீங்க ஒரு ஆளு இல்ல. ஒரு தாலுகா” என்றான். “ஆனா யாராச்சும் உங்கள ஒரு பக்கமாச் சாச்சுப்போட்டா அத்தனையும் கரைஞ்சு போயிரும். கடைசி நொடி வரைக்கும் நட்டுக்க நிக்கோணும். அந்த நொடில எந்தப் பக்கம் உளுகறீங்களோ, அவங்கதான் வேட்பாளரு. அது வரைக்கும் சட்னிகூட நீங்களாக் கேட்டு வாங்காதீங்க.”

இரண்டு அணிகளும் சேர்ந்தே நவநீதனை வேலைக்கு வைத்துக்கொண்டன. பேரவையின் வரலாற்றில் இரு அணிகளும் ஒன்றுபட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

வேட்பாளர்கள் வந்தார்கள். முதலில் முனைவர் பரிதி. முன்னாள் துணைவேந்தர், சொந்தமாக வாங்கியது ஒரு பட்டம், மேடையில் வாங்கியது நான்கு. இவரைக் கவர்ந்துவிடக் கூடாது என்று அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் தன்னை நேர்மையானவன் என்று சிலர் சொல்வதாகவும், அதை அவசரப்பட்டு நம்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். சும்மா போவானேன் என்று கண் பரிசோதனைக்கு உட்கார்ந்து, கடைசி வரியைக் கணீரென்று படித்தார். படித்ததில் ஓர் எழுத்துகூட அந்த வரியில் இல்லை. அடுத்த வாரம் திருமதி எழிலரசி தண்டபாணி, நூற்பாலைகளின் உரிமையாளர், ஆட்களோடு வந்து தெருச் சாக்கடையைத் தூர் வாரிக் கொடுத்தார். நன்றி ஓரளவுக்கு மேல் போய்விடாமல் இருக்க, வாரிய சேற்றைக் கடை வாசலிலேயே குவித்துவிட்டுப் போனார்.

தீர்த்தகிரிக்கு முதல் முறையாகத் தன்மேல் ஒரு மரியாதை வந்தது. இத்தனை காலம் கையாலாகாத்தனம் என்று வீட்டில் பெயர் வாங்கியது, இப்போது குடிமைப் பண்பு. டீக்கடைக்குப் போனால் எழுந்து நின்றார்கள். டீயா காப்பியா என்று கேட்காமல் இரண்டையும் கொண்டுவந்து வைத்தார்கள்.

கோகிலவாணிக்குக் கரும்பலகையில் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது அந்த நாட்களில்தான்.

கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று தீர்த்தகிரி எல்லா லென்ஸையும் போட்டுப் பார்த்தார். ஆகவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டி. கோயம்புத்தூர் டாக்டர் உடனே ஆபரேஷன் என்றார். கைதவறினால் அந்தக் கண்ணின் பார்வை போகலாம், ஆனாலும் செய்துவிட வேண்டும், அதிக நாள் தள்ளக் கூடாது. சென்னை டாக்டர் கத்தியே வேண்டாம் என்றார். மருந்தில் சுருங்கும், பொறுத்துப் பார்க்கலாம். சுருங்காமல் வளர்ந்தால் அடுத்த கண்ணுக்கும் சேர்த்து ஆபத்து, ஆனால் வளராது. இரண்டு பேரும் ஒரே அளவு உறுதியோடு சொன்னார்கள்.

ஊரே குழம்பியபோது குழம்பாமல் இருந்தவள் கோகிலவாணி. முகாமில் அவள் கனம் புள்ளி மூன்று. அவள் ஸ்கேன் படத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கணவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“ஏனுங்க, இது ஒண்ண மட்டும் நீங்க சொல்லுங்க.”

“நானா?”

“கண்ணப் பத்தி உங்களுக்குத்தான தெரியும். எல்லாத்தையும் நானே சொல்லி, நானே சரின்னு நின்னு, எனக்கு அலுத்துப்போச்சுங்க. தப்பாப் போனாலும் போச்சாது, பரவால்ல. இது உங்க வாயில இருந்து வரட்டும்.”

யோசித்துச் சொல்வதாகத் தீர்த்தகிரி சொன்னார். அவள் தலையாட்டினாள். அவர் யோசிப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

விஷயம் கேள்விப்பட்டு நவநீதன் ஓடி வந்தான். இவ்வளவு பெரிய முடிவை எடுத்தால் மூளை அந்தப் பழக்கத்துக்குப் போய்விடும், கனம் பாதாளத்துக்கு இறங்கிவிடும், தேர்தல் முடியட்டும், அப்புறம் எத்தனை முடிவு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றான். இந்தப் பேச்சு தீர்த்தகிரிக்கு வசதியாகவும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். முடிவெடுக்க முடியாதவர் என்பது ஒன்று. மாநில நலனுக்காக முடிவெடுக்காமல் இருக்கிறவர் என்பது வேறு. அந்த இரண்டாவது ஆளாக இருந்துகொண்டு அவர் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தார். உட்கார முடியவில்லை. நடந்தால் யோசிக்கிற மாதிரி இருந்தது.

வாரா வாரம் எடை பார்த்தார்கள். ஸ்கேனுக்குப் பிறகு எடை பார்த்தபோது அறுபத்தெட்டாயிரம். நவநீதன் எண்ணைப் பார்த்தான், தீர்த்தகிரியின் முகத்தைப் பார்த்தான், எதையோ புரிந்துகொண்டான். அவன் புரிந்துகொண்டதன் விளைவாக ஐந்தாறு நாளில் ஒரு டாக்டர் வீடு தேடி வந்தார். நல்ல மனிதர், காசு வேண்டாம் என்றார், ஸ்கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஆபரேஷன் செய்வதும் சரி, செய்யாமல் இருப்பதும் சரி, இரண்டுமே தவறாகவும் வாய்ப்பிருக்கிறது என்று வெகு நேரம் விளக்கினார். போகும்போது வாசலில் குனிந்து செருப்பு மாட்டினார். சட்டைப்பையில் குத்தியிருந்த பேரவைச் சின்னம் கோகிலவாணியின் இடது கண்ணில் பட்டது.

கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“இந்த டாக்டர யாரு அனுப்புனாங்க?”

தீர்த்தகிரி சுவரைப் பார்த்தார்.

“உங்க கனம் ஏறோணும்னு என் கண்ண வெச்சுக் கொழப்பறாங்க. அது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்னு இல்ல. ஒரு மாதிரி தோணுச்சு. கேக்கலாமா வேண்டாமான்னு…”

அவள் சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். காலாண்டு விடைத்தாள் கட்டை எடுத்துவந்து, வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, திருத்த உட்கார்ந்தாள். சிவப்பு மைப் பேனா ஒவ்வொரு தாளிலும் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுந்தது. தவறான விடையை விட்டுப் பக்கத்தில் இருந்த சரியான விடையை அடித்தது. அவள் அதைக் கவனித்து, அழித்து, மறுபடி அடித்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

முன்தேர்தல் நாள் வந்தது. கோகிலவாணி பாடம் நடத்தும் பள்ளியில்தான் வாக்குச்சாவடி. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, நடுவில் கயிறு. இருவரும் ஒரே நேரத்தில் வந்ததால் கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். வாசலில் பேரவைப் பிரமுகர்கள் திருவிழாவில் தேர் வருவதைப் பார்ப்பதுபோலத் தீர்த்தகிரியைப் பார்த்தார்கள். காலையில் எடுத்த எடை எழுபத்து மூவாயிரம். நவநீதன் அவருக்குப் பக்கத்திலேயே, தண்ணீர் பாட்டிலோடு, மூச்சுவிடப் பயந்து நடந்தான்.

வரிசை கணக்கு வகுப்பறையைத் தாண்டியது. வெளிச் சுவரில் அவளே எழுதிப்போட்ட வாய்ப்பாடு. பதினாறாம் வாய்ப்பாடு. கோகிலவாணி அதை நின்று பார்த்தாள். தன் கையெழுத்தைப் படிக்க வலது கண்ணை மூடினாள். பிறகு, என்ன தோன்றியதோ, கையை எடுத்து இரண்டு கண்ணாலும் படிக்கப் பார்த்தாள். உதடு அசைந்து பாதியில் நின்றுவிட்டது.

கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தவர்கள் முகத்தில் தீர்த்தகிரி அதைப் பலமுறை பார்த்திருக்கிறார். எழுத்து தெரியவில்லை என்று ஒத்துக்கொள்வதற்கு முந்தைய நொடி அது.

“கோகிலா, ஆபரேசன் பண்ணிக்கலாம்” என்றார்.

அவள் திரும்பினாள். வரிசையும் திரும்பியது.

“என்னங்க சொன்னீங்க?”

“கோயமுத்தூர்லயே பண்ணிக்கலாம். நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிரலாம்.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“இல்ல” என்றார் தீர்த்தகிரி. “யோசிக்காமத்தான் சொல்றேன்.”

நவநீதன் தண்ணீர் பாட்டிலோடு அங்கேயே தரையில் உட்கார்ந்தான். வாசலில் இருந்த பிரமுகர்களுக்குச் செய்தி போய்ச் சேர, அவர்கள் உடனே வெவ்வேறு திசைகளில் கைபேசியில் பேச ஆரம்பித்தார்கள். ஒரு தாலுகா கண்ணெதிரே காணாமல் போனால் யாருக்கும் பதற்றமாகத்தான் இருக்கும்.

தீர்த்தகிரி உள்ளே போனார். ஹெல்மெட் அவருக்குப் புள்ளி ஒன்று என்றது. சின்னராசுவும் அவரும் இப்போது சமம். எதையோ அமுக்கிவிட்டு வெளியே வந்தார். கால்கள் தரையில் நன்றாக ஊன்றியிருந்ததை அதிசயமாகப் பார்த்தபடி வேப்பமரத்தடியில் நின்றார்.

கோகிலவாணி உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

அதிகாரி ஒருமுறை கனைத்தார். வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. திரைச்சீலைக்குக் கீழே அவள் பாதங்கள் தெரிந்தன. ஒன்று முன்னால் போகும், பின்னால் வரும், மற்றது போகும். கருவியோடு இணைந்த சின்னத் திரையை அதிகாரிகள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எண்ணில் இலக்கங்கள் கூடிக்கொண்டே போயின. ஒருவர் பிளக்கைப் பிடுங்கலாமா என்று கேட்டார். இன்னொருவர் மேலிடத்தைக் கேட்போம் என்றார். மேலிடத்தில் யாரும் முடிவு சொல்கிற நிலையில் இல்லை. கடைசியில் ‘டிங்’ என்று சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தபோது, எண் இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தில் நின்றிருந்தது. நவநீதன் கணக்கில் சொன்னால், ஒரு மாவட்டம்.

வீட்டுக்கு நடந்து போகும்போது தீர்த்தகிரி கேட்டார்.

“ஏங் கோகிலா இத்தன நேரம்? யாருக்குப் போடறதுன்னா?”

“அவங்கள யாரு பாத்தா. எனக்கு அங்க நாலு பேரு தெரிஞ்சாங்க. ரெண்டு அந்தம்மா, ரெண்டு அந்தாளு.” சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “மேல இருக்கறது ஆபரேசன், கீழ இருக்கறது மருந்துன்னு வெச்சுக்கிட்டேங்க. எதுல கை போகுதோ அதுன்னு.”

“கை போச்சா?”

“போகவே இல்லீங்க. அப்பறம் நானா மேல இருந்தத அமுத்திட்டேன்.”

“நான் சொன்னதுனாலயா?”

“நீங்க சொன்னதுனாலதான் பயமே வந்துச்சு. அது வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க இத்தன வருசத்துல சொன்னது இது ஒண்ணு. இத நம்பறதா, நம்பாம இருக்கறதான்னு எந்தக் கணக்குல இருக்குது?”

தீர்த்தகிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தெருவில் அப்படிப் பிடிக்கலாமா என்று யோசிக்கவில்லை.

மேலே இருந்தவர் முனைவர் பரிதி. அன்று மாலை அவர் முன்தேர்தலில் வென்றார். வெற்றி வித்தியாசம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்தை விடக் குறைவு. சிந்திக்கிற மக்கள் தன்னை எடைபோட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று அவர் ஆற்றிய உரை எல்லாக் கைபேசிகளிலும் நாதஸ்வரத்தோடு வந்தது. நிபுணர் குழு ‘ஈரோட்டுப் பெண் வாக்காளரின் ஆழ்ந்த அரசியல் சீர்தூக்கல்’ என்று தனி அறிக்கையே வெளியிட்டது. முனைவரின் கல்விக் கொள்கையில் அவளை அசைத்துப் பார்த்த அம்சம் எது என்று கேட்டு ஒரு தொலைக்காட்சிக்காரர் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தார். அவர் மேலே இருந்தவரா, கீழே இருந்தவரா என்று கோகிலவாணி திருப்பிக் கேட்டாள். அந்தப் பேட்டி ஒளிபரப்பாகவில்லை. சிந்தனை வாக்காளர் விருது கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள், அதையும் யாரும் கொண்டுவரவில்லை.

கருவி மனம் நடுங்குவதைத்தான் அளந்தது, எதற்காக நடுங்குகிறது என்பதை அல்ல. அறுநூறு பக்கத்தில் அதற்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. வலது கண்ணில் பார்வை கொஞ்சம் மங்கல், ஆனால் கரும்பலகைக் கோடு ஒற்றையாகத்தான் தெரிகிறது. கட்டு பிரித்த பிறகு தீர்த்தகிரி அவளைக் கடையில் உட்காரவைத்து லென்ஸ் மாற்றினார்.

“ஒண்ணா, ரெண்டா?”

“ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்குது.”

“ஒண்ணு” என்றார் அவர், ஃபிரேமில் பொருத்தினார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். பெயர்ப்பலகை வெள்ளையாகத்தான் இருந்தது. எதிரே சின்னராசு பரிதியின் போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தார். முன்தேர்தலில் அவர் எழிலரசி அணி. ஆனாலும் கொடி ஒன்றுதானே என்றார். நவநீதன் பழைய பலகையை எடுத்து மாட்டி, மறுபடி பிள்ளைகளை வறுத்துக்கொண்டிருந்தான்.

மூன்று மாதம் கழித்து ஆளுநர் பொதுத்தேர்தல் நடந்தது. அதில் வாக்குகளை எண்ணினார்கள்.

முனைவர் பரிதிக்கு டெபாசிட் போனது.